சம்பந்தி வீட்டாரின் பூர்வீகம் நார்வேயில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வசிக்கிறாள். மருமகன் அந்த நாட்டுக்காரர். அவருடைய முன்னோர் நார்வேயிலிருந்து சென்று அங்கே குடியேறியவர்கள். என் பேரனிடம் பள்ளியில் வம்சாவளி வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆறு தலைமுறைப் பெயர்களை நானே சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டாரிடம் இருப்பது ஒரு பழைய பாட்டுப் புத்தகம் மட்டும்தான். அதன் முதல் தாளில் ‘ஊலே லார்சென் பாக்கென்’ என்ற பெயரும் ‘4/11 1856’ என்ற தேதியும் மையால் எழுதப்பட்டுள்ளன. இவர் சம்பந்தியின் கொள்ளுத் தாத்தா. 1880 வாக்கில் ஆஸ்லோவிலிருந்து கப்பலேறி வந்தவர் என்பது வீட்டில் வழங்கிவரும் செய்தி. ஆஸ்லோ நகரப் பதிவுகளில் 1856 ஏப்ரல் 11 என்பதை அவர் பிறந்த தேதியாக வைத்து மருமகன் ஓராண்டாகத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. எங்கே தேட வேண்டும்? (ஒரு வாசகி, கோத்தகிரி)

பதில்: அந்த ஒற்றைத் தாளில் வேண்டிய செய்தி பெரும்பாலும் இருக்கிறது, அம்மா. அதைப் படித்த விதத்தில்தான் பிழை நேர்ந்திருக்கிறது.

முதலில் தேதியைப் பாருங்கள். அமெரிக்கர்கள் மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் எழுதுவார்கள். நார்வேக்காரர்கள் நம்மைப் போலவே நாளை முதலில் எழுதுவார்கள். ஆகவே அது ஏப்ரல் 11 அல்ல, நவம்பர் 4. நீங்கள் பார்த்திருந்தால் உடனே சரியாகப் படித்திருப்பீர்கள். அமெரிக்க முறையில் பழகிய மருமகனுக்கு அது தோன்றாமல் போனதில் வியப்பில்லை.

அடுத்தது ஊர். 1880இல் ஆஸ்லோ என்ற பெயரில் அந்த நகரம் இல்லை. 1924ஆம் ஆண்டு முடியும் வரை அதன் பெயர் கிறிஸ்தியானியா என்பதால், பழைய ஆவணங்களில் அந்தப் பெயரில்தான் தேட வேண்டும். ஆனால் பெயரை மாற்றித் தேடினாலும் ஊலே அங்கே பிறந்தவராக இருக்க வாய்ப்புக் குறைவு. கிறிஸ்தியானியா ஒரு துறைமுகம். உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து இறங்கி வந்தவர்கள் அங்கே கப்பலேறி, பெரும்பாலும் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் லிவர்பூல் சென்று, அங்கிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனவரின் பேரப்பிள்ளைகள் தங்கள் பூர்வீகமே நாகப்பட்டினம்தான் என்று நம்பியிருப்பதைப் போன்றது இது.

இனிப் பெயருக்கு வருவோம்; தேடலின் உயிர்நாடி இதுதான். அமெரிக்க வழக்கப்படி ‘பாக்கென்’ என்பது குடும்பப் பெயர் என்று மருமகன் எண்ணியிருப்பார். ஊலே பிறந்த காலத்தில் நார்வே நாட்டுப்புறத்து மக்களுக்குக் குடும்பப் பெயர் என்பதே கிடையாது. ‘லார்சென்’ என்றால் லார்ஸின் மகன். நாம் தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னால் இடுகிறோம், அவர்கள் முழுமையாகப் பின்னால் இட்டார்கள், அவ்வளவே வேறுபாடு. லார்ஸின் தந்தை நில்ஸ் என்றால் லார்ஸ் ‘நில்சென்’ ஆவார், லார்சென் ஆகமாட்டார். லார்ஸின் மகளோ ‘லார்ஸ்டாட்டர்’ ஆவாள். மணமான பின்பும் அந்தப் பெயர் மாறாது என்பதால் தாய்வழியைப் பின்பற்றுவது அங்கே எளிது; திருமணத்தோடு பெண்ணின் முதலெழுத்து கணவர் பெயருக்கு மாறிவிடும் நம் வழக்கத்தில்தான் அந்த இழை அறுந்துபோகிறது.

மூன்றாவதாக நிற்கும் ‘பாக்கென்’ என்பது அவர் குடியிருந்த பண்ணையின் பெயர். அதை ஒரு முகவரியாகவே கொள்ள வேண்டும். ஒரு பண்ணையிலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்ந்தால் இந்த மூன்றாம் பெயரும் மாறிவிடும். அமெரிக்கா சென்ற பின் ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் லார்சென் என்றும் தம்பி பாக்கென் என்றும் பதிவு செய்துகொண்ட குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஒருவரையொருவர் உறவினர் என்றே அறியாமல் அடுத்தடுத்த ஊர்களில் வாழலாம். நிலையான குடும்பப் பெயர் வேண்டும் என்று நார்வேயில் சட்டம் வந்தது 1923இல்தான். இன்னொரு தொல்லை, பாக்கென் என்பதன் பொருள் ‘மேடு’. நம் பக்கத்தில் மேட்டுக்காடு என்ற பெயர் எத்தனை ஊர்களில் இருக்குமோ அப்படி நார்வே முழுவதும் பாக்கென்கள் உண்டு. எனவே அது எந்தத் திருச்சபை வட்டத்துப் பாக்கென் என்று கண்டுபிடிப்பதே உங்கள் மருமகனின் முதல் வேலை.

அதற்கான ஆதாரம் அமெரிக்காவிலேயே இருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் கடல் தாண்டித் தேடப் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நார்வேக் குடியேறிகள் சென்ற இடமெல்லாம் லூத்தரன் சபைகளை அமைத்தார்கள். அவற்றின் பதிவேடுகள் நெடுங்காலம் நார்வே மொழியிலேயே எழுதப்பட்டன. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குறித்தபோது நார்வேயில் எந்த ஊரில் பிறந்தவர் என்பதையும் போதகர் பல இடங்களில் சேர்த்து எழுதியிருக்கிறார். 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிக்கணக்கில் பிறந்த மாதமும் ஆண்டும், குடியேறிய ஆண்டும் கிடைக்கும். 1890 கணக்கைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். 1921இல் நேர்ந்த தீயினால் அதில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. குடியுரிமைத் தாள்களில் 1906க்கு முற்பட்டவை பெரும்பாலும் ‘நார்வே’ என்பதோடு நின்றுவிடும். அவற்றில் ‘சுவீடன், நார்வே அரசர்’ என்ற சொற்கள் இருந்தால் ஊலே சுவீடன்காரரோ என்று ஐயுற வேண்டியதில்லை. 1814 முதல் 1905 வரை இரு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் இருந்தன.

இவற்றில் ஏதேனும் ஒன்று ஊரைக் காட்டிவிட்டால் மீதிப் பாதை திறந்த பாதைதான். நார்வே தேசிய ஆவணக் காப்பகம் ‘டிஜிட்டலார்கிவெட்’ என்ற இணையதளத்தில் திருச்சபைப் பதிவேடுகளையும் குடிக்கணக்குகளையும் கட்டணமின்றி வழங்குகிறது. 1865 கணக்கில் பிறந்த இடமும் கேட்கப்பட்டிருப்பதால், ஒன்பது பத்து வயதுச் சிறுவனாக ஊலேயை அவருடைய பெற்றோரின் வீட்டிலேயே பார்க்கலாம். 1875, 1891, 1900, 1910 கணக்குகளில் அவர் விட்டுச் சென்ற உடன்பிறந்தாரைத் தேடலாம். குடிபெயர்ந்தோரைத் துறைமுகக் காவல்துறை எழுதிவைத்த பேரேடு கிறிஸ்தியானியாவுக்கு 1871 முதல் இருப்பதால் 1880இல் புறப்பட்டவர் அதில் அகப்பட வேண்டும். பெயர், வயது, இருப்பிடம், போகும் இடம் ஆகியவை அதில் இருக்கும். அங்கே எழுதியுள்ள இருப்பிடம் கடைசியாகக் கூலி வேலை செய்த ஊராகவும் இருக்கலாம் என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகக் கோடிட்டிருக்கும். வரிசை எண், பிறந்த நாள், ஞானஸ்நான நாள், குழந்தையின் பெயர், பெற்றோர் பெயரும் பண்ணையும், ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோர். ஞானப்பெற்றோர் கட்டத்தை அவசரத்தில் தாண்டிச் செல்பவர்களே அதிகம். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சித்தப்பா, மாமா, பாட்டி என நெருங்கிய சொந்தங்களாகவே இருப்பார்கள் என்பதால், ஒரு தலைமுறையின் உறவு முழுவதும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கியிருக்கும். எழுத்து கூர்கூராக, பழைய கோத்திக் வடிவில் இருக்கும். முதல் நாள் ஒரு சொல்கூடப் படிக்க முடியாது, தேதிகளையும் பெயர்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும். பதினான்கு பதினைந்து வயதில் நடந்த திடப்படுத்தலின் (சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் சடங்கின்) பதிவையும் பாருங்கள். அம்மை குத்திக்கொண்ட சான்று இல்லாமல் திடப்படுத்தல் கூடாது என்று 1810இல் விதி வந்ததால் அம்மை குத்திய நாள்கூட அதில் இருக்கும்.

ஓர் எச்சரிக்கை. நமக்குப் பாட்டன் பெயரைத் தாங்குபவன் பேரன். நார்வேயிலும் மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையும் இடுவது வழக்கம். குழந்தை இறந்துபோனால் அடுத்துப் பிறந்த குழந்தைக்கும் அதே பெயரை இட்டார்கள், தாத்தாவின் பெயர் விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. ஆகவே ஒரே வீட்டில் இரண்டு ஊலேக்கள் இருக்கலாம். அடக்கப் பதிவேட்டையும் பார்த்து உறுதி செய்யாவிட்டால், ஒரு வயதில் இறந்த குழந்தையைக் கொள்ளுத் தாத்தாவாக எழுதிவிடும் பிழை நேரும்.

பண்ணை உறுதியானதும் அந்த வட்டாரத்தின் ‘பிக்டெபோக்’ உள்ளதா என்று கேளுங்கள். ஒவ்வொரு பண்ணையிலும் யார் யார் வாழ்ந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தொகுத்த ஊர் வரலாற்று நூல் அது. விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் நார்வே அமெரிக்கர்களின் வம்சாவளி ஆய்வுக்கென்றே இயங்கும் நேசெத் நூலகத்தில் இத்தகைய நூல்கள் பெருமளவில் உள்ளன. மினசோட்டாவிலிருந்து அது பக்கத்து மாநிலம்தான்.

கேள்வி: எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் ‘சென்’ என்று முடியும் பெயருள்ள பழைய கல் ஒன்று இருக்கிறது. அவர் நார்வேக்காரர் என்று கொள்ளலாமா? (ஒரு வாசகர், கொடைக்கானல்)

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டென்மார்க்குப் பெயர்களும் ‘சென்’ என்றே முடியும். தமிழ்நாட்டில் டென்மார்க்கு மிஷனரிகளின் பணி தரங்கம்பாடிக் காலத்திலிருந்தே உண்டு. சுவீடன்காரர் என்றால் ‘சொன்’ என்று முடியும். கல்லில் பிறந்த ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். பாசி படிந்திருந்தால் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். கம்பி பிரஷ்ஷோ அமிலமோ பட்டால் எழுத்தே போய்விடும்.

கேள்வி: என் தாத்தா இலங்கைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பி, சேரம்பாடியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து இலங்கைக்குப் போனார் என்று அறிய வழி உண்டா? (ஒரு வாசகர், கூடலூர்)

பதில்: உண்டு. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு வந்தவர்களுக்கு வழங்கிய கடவுச்சீட்டையும் குடும்ப அட்டையையும் வீட்டில் தேடுங்கள். பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் இருக்கலாம். அவற்றிலுள்ள தோட்டத்தின் பெயர், டிவிஷன், தந்தை பெயர் ஆகியவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். குடியுரிமைக்காக 1949 சட்டத்தின்கீழ் இலங்கையில் விண்ணப்பித்திருந்தால் அந்த நகலும் பெரிதும் உதவும். ஆள் சேர்த்த காலத்தில் கழுத்தில் கட்டி அனுப்பிய தகரத் துண்டு கிடைத்தால், அதில் அடித்திருக்கும் எண் தோட்டத்தைக் குறிக்கும். கங்காணி யார், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். கங்காணிகள் பெரும்பாலும் தம் ஊரிலும் சொந்தத்திலும் இருந்துதான் ஆள் கூட்டிச் சென்றார்கள்.

பாட்டி இருக்கிறார் என்றால் இவற்றுக்கெல்லாம் முன்பாக அவரிடம் உட்காருங்கள். ஊரின் பெயர் மறந்திருக்கலாம். குலதெய்வத்தின் பெயரும், கோயிலுக்கு அருகே ஆறா, ஏரியா, மலையா என்பதும் நினைவிருக்கும். தோட்டத்தில் கல் நட்டுக் கும்பிட்ட சாமி எந்த ஊர்ச் சாமி என்று கேளுங்கள். அதே பெயரில் சாமி உள்ள ஊர்களைக் கங்காணியின் ஊரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.