ஐரோப்பாவில் இனிப்புக்காகவே ஒரு நகரத்துக்குப் போவதென்றால் எங்கே போவீர்கள்?

டூரின். இத்தாலியின் வடமேற்கில், பனி மூடிய ஆல்ப்ஸ் மலை தெரிகிற ஊர்.

கேள்வி கேட்டவர் பாரிஸ், வியன்னா, பிரஸ்ஸல்ஸ் மூன்றையும் குறிப்பிட்டு, "ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறது, எது?" என்று கேட்டிருக்கிறார். மூன்றும் நல்ல ஊர்கள்தான், அவற்றைப் பற்றியும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனாலும் என் முதல் பதில் டூரின், இரண்டாவது லிஸ்பன்.

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்தேன். விடுமுறை கிடைத்தால் ரயிலேறிவிடுவேன். போகிற ஊரில் அருங்காட்சியகத்துக்கு முன்னால் பலகாரக் கடையைத் தேடுகிற ஆள் நான். அப்படிச் சுற்றியதில் ஒன்று பிடிபட்டது. என் மனதில் நின்ற இனிப்புகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு பொருள் கிடைக்காமல் போனபோதோ, ஏதோ ஒன்று மிஞ்சிப் போனபோதோ, அடுப்படியில் நின்றவர்கள் யோசித்து உருவாக்கியவை. அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு சாப்பிட்டால் ஊரும் சேர்ந்து புரிகிறது.

டூரினிலிருந்தே தொடங்குகிறேன். சவோய் அரச வம்சத்தின் தலைநகராக இருந்த ஊர் இது. 1861இல் இத்தாலி ஒரே நாடானபோது முதல் தலைநகரும் இதுதான். நகரின் நடுப்பகுதியில் தெருவோரமெல்லாம் தூண்கள் தாங்கிய வளைவுக்கூரை நடைபாதைகள். எல்லாம் சேர்த்தால் 18 கிலோமீட்டர் என்பார்கள். மழை பெய்தாலும் குடை விரிக்காமல் கடை கடையாக ஏறி இறங்கலாம். பழைய காபிக் கடைகளும் சாக்லேட் கடைகளும் அந்த நடைபாதைகளை ஒட்டித்தான் இருக்கின்றன.

நெப்போலியன் 1806இல் பிரிட்டனோடு யாரும் வணிகம் செய்யக் கூடாது என்று ஐரோப்பாவின் துறைமுகங்களை அடைத்தார். கப்பலில் வந்துகொண்டிருந்த கொக்கோவுக்கும் சர்க்கரைக்கும் தட்டுப்பாடு. ஐரோப்பா பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுப்பதில் மும்முரமாக இறங்கியது இந்தத் தடையால்தான். டூரினோ அதற்குள் சாக்லேட்டுக்கு நன்றாகப் பழகிவிட்ட ஊர். தெற்கே லாங்கே குன்றுகளில் ஹேசல்நட் விளைந்து கிடந்தது. அந்தக் கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, மைபோல அரைத்து, இருக்கிற கொஞ்சக் கொக்கோவோடு கலக்கிற வழக்கம் இந்தச் சூழலில் வேர்விட்டது. தடை போன பிறகும் கொக்கோ விலை இறங்கவில்லை, கலவையும் போகவில்லை. 1865இல் கஃபரேல் என்ற நிறுவனம் அதைக் கவிழ்த்த படகு வடிவத்தில் செய்து, தனித்தனியாகத் தாளில் சுற்றி விற்றது. பெயர் ஜாண்டுயோத்தோ. அந்த வட்டாரத்துத் திருவிழாக்களில் முக்கோணத் தொப்பியோடு வருகிற ஜாண்டூயா என்ற குடியானவர் வேடத்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள்.

தங்கத் தாளைப் பிரித்து வாயில் போட்டால் கடிக்க வேண்டியதே இல்லை. நாக்கில் வைத்த கணத்தில் இளகத் தொடங்கும். முதலில் வறுத்த கொட்டையின் வாசம் மூக்குக்கு ஏறும், அதன் பிறகுதான் சாக்லேட் வரும். கசப்பும் இல்லை, திகட்டலும் இல்லை. சாக்லேட்டில் எனக்குத் தெரிந்து இதற்கு மேல் ஒன்றும் கிடையாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதே பற்றாக்குறை அதே வட்டாரத்துக்குத் திரும்ப வந்தது. டூரினுக்குத் தெற்கே ஆல்பா என்ற சிற்றூரில் பலகாரக் கடை வைத்திருந்த பியெத்ரோ ஃபெர்ரெரோ, 1946இல் ஹேசல்நட்டையும் கொஞ்சம் கொக்கோவையும் சேர்த்து, ரொட்டியோடு வைத்துத் தின்கிற மலிவான கட்டி ஒன்றைச் செய்தார். அது பின்னர் தடவக்கூடிய பசையாகி, 1964இல் நுடெல்லா என்ற பெயரோடு வந்தது. இன்று நம் ஊர் சூப்பர் மார்க்கெட் அலமாரியில் இருக்கிற அந்த டப்பாவுக்குப் பின்னால் இரண்டு போர்க்காலங்கள் இருக்கின்றன.

டூரினில் இன்னொன்றையும் விடக்கூடாது: பிச்செரின். கொன்சொலாத்தா ஆலயத்துக்கு எதிரே 1763இல் தொடங்கிய குட்டிக் கடை இருக்கிறது. கடையின் பெயரும் அதுதான். பளிங்கு மேசைகள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும் போலத் தோன்றும், மரப்பலகை போர்த்திய சுவர்கள். கைப்பிடியில்லாத சின்னக் கண்ணாடிக் கோப்பையில் சூடான சாக்லேட்டும் காபியும், மேலே லேசாக அடித்த குளிர்ந்த க்ரீமும். கரண்டியால் கலக்கக் கூடாது. க்ரீமின் குளிர்ச்சியைத் தாண்டிச் சூடு வந்து சேர்கிற அந்த வேறுபாட்டுக்காகத்தான் அந்தப் பானமே. நாங்கள் காபி குடித்து வளர்ந்த வீடு. அப்படிப்பட்ட எனக்கே இது புது அனுபவமாக இருந்தது.

லிஸ்பனுக்கு வருகிறேன். நகர நடுவிலிருந்து 15ஆம் எண் டிராமில் ஆற்றோரமாகவே போனால் பேலெம் வரும். அங்கே ஜெரோனிமோஸ் மடாலயம். 1501இல் கட்டத் தொடங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு நாடுகளிலிருந்தும் வந்த சரக்குகள்மேல் போட்ட சுமார் 5 சதவீத வரிப்பணத்தில் எழுந்தது. சுண்ணாம்புக் கல்லில் கப்பல் கயிறும் கடல் உருவங்களும் செதுக்கியிருப்பார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் ஒருபுறம் வாஸ்கோட காமாவின் கல்லறை.

போர்த்துகீசிய மடங்களில் முட்டையின் வெள்ளைக்கருவைத் துறவிகளின் அங்கிக்குக் கஞ்சி போடவும், ஒயினைத் தெளியவைக்கவும் பயன்படுத்தினார்கள் என்பது அங்கே எல்லோரும் சொல்கிற செய்தி. மிஞ்சியது மஞ்சள் கரு. சர்க்கரையோ மதெய்ராத் தீவிலிருந்தும் பிறகு பிரேசிலிலிருந்தும் வந்து குவிந்தது. இரண்டையும் சேர்த்தே நூற்றுக்கணக்கான மடத்துப் பலகாரங்களைச் செய்துவிட்டார்கள். அந்தச் சர்க்கரை, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. இதைச் சொல்லாமல் அந்த இனிப்பைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

1834இல் அரசு மடங்களை மூடியது. வருமானம் இல்லாமல் நின்ற பேலெம் மடத்துக்காரர்கள், பக்கத்துச் சர்க்கரை ஆலையோடு சேர்ந்திருந்த கடையில், மஞ்சள் கரு கஸ்டர்டு வைத்த தங்கள் பலகாரத்தை விற்றார்கள். செய்முறை அந்த ஆலைக்காரர் கைக்குப் போக, 1837இல் தொடங்கிய கடை இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. செய்முறை தெரிந்தவர்கள் மிகச் சிலர். மாவும் உள்ளீடும் தயாராவது பூட்டிய அறைக்குள். மற்ற கடைகளில் கிடைப்பதற்குப் பஸ்தேல் த நாத்தா என்று பெயர். பேலெம் என்ற பெயர் இந்தக் கடையின் பலகாரத்துக்கு மட்டும்தான்.

தெருவில் நீளமாக நிற்கிற வரிசையைப் பார்த்து மலைத்துப் போகாதீர்கள். அது வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கானது. உள்ளே நீல ஓடு பதித்த அறைக்குப் பின் அறையாக நிறைய இருக்கைகள் உண்டு. அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு தட்டில் வரும். மேலே அங்கங்கே கருகிய புள்ளிகள், உள்ளே தளதளவென்று மஞ்சள் கரு கஸ்டர்டு, ஓரத்தில் கடித்தால் நொறுங்கிச் சிதறுகிற மடிப்பு மடிப்பான மாவு. சர்க்கரைத் தூளும் பட்டைத் தூளும் தனியாகத் தருவார்கள். பட்டையை நன்றாகவே தூவுங்கள், கஸ்டர்டின் கொழுப்பை அது வெட்டிக் கொடுக்கும்.

அந்தப் பட்டையைத் தூவும்போது எனக்கு இலங்கை நினைவுக்கு வந்தது. 1505இல் அங்கே போய் இறங்கிய போர்த்துகீசியர், 1658இல் டச்சுக்காரர்களிடம் எல்லாவற்றையும் இழக்கும்வரை பட்டைக்காகத்தான் அவ்வளவு போரிட்டார்கள். யாழ்ப்பாண அரசு அவர்கள் கையில்தான் அழிந்தது. கடல் கடந்து வந்து அதைத் தொடங்கிவைத்த மனிதரின் கல்லறையைப் பார்த்துவிட்டு, சில நிமிட நடையில் இந்த மேசைக்கு வந்து உட்கார்கிறோம். சுவையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு தமிழருக்கு அந்த மேசையில் வெறும் சுவை மட்டும் இருக்க முடியாது.

புடாபெஸ்ட்டில் டோபோஷ் கேக். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், கெட்டுப்போகாமல் வெளியூர் அனுப்பக்கூடிய கேக் வேண்டும் என்று யோசெஃப் டோபோஷ் என்ற பலகாரக் கலைஞர் யோசித்தார். அன்றைய கேக்குகளில் இருந்த பால் க்ரீமையும் கஸ்டர்டையும் விட்டுவிட்டு, மெல்லிய கேக் அடுக்குகளுக்கு நடுவே சாக்லேட் கலந்த வெண்ணெய் க்ரீமைத் தடவினார். மேலே காய்ச்சிய சர்க்கரைப் பாகை ஊற்றிக் கண்ணாடிபோல் இறுகவைத்தார். 1885 புடாபெஸ்ட் கண்காட்சியில் அதை வைத்தார். அதற்கென்றே செய்த மரப்பெட்டிகளில் ஐரோப்பா முழுக்க அனுப்பினார். பலரும் போலி செய்யப் பார்த்தும் சரிவராமல் போக, 1906இல் செய்முறையை ஊர்ப் பலகாரக்காரர்களின் சங்கத்துக்கே கொடுத்துவிட்டார். எனக்கு அந்தக் கேக்கைவிட அந்த மனிதரின் மனசு பிடித்தது. கேக்கும் நன்றாகவே இருக்கும், பாகுத் தகட்டைக் கரண்டியால் உடைக்கிற சத்தம் தனி இன்பம். எல்லோரும் வோரோஷ்மார்ட்டி சதுக்கத்தில் உள்ள ஜெர்போவுக்குப் போகச் சொல்வார்கள். நான் கோட்டைக் குன்றில் மத்தியாஸ் ஆலயத்துக்குப் பக்கத்தில் 1827இலிருந்து இருக்கிற ருஸ்வுர்முக்குப் போகச் சொல்வேன். சின்ன இடம், இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

டிரெஸ்டனுக்கு டிசம்பரில் மட்டும் போங்கள். அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தைய விரத நாட்களில் வெண்ணெய்க்குத் தடை இருந்ததால் ஷ்டோலன் என்ற பண்டிகை ரொட்டியை எண்ணெயில்தான் செய்தார்கள், வறண்டு கிடந்தது. சாக்ஸனி ஆட்சியாளர்கள் போப்பிடம் முறையிட்டு, 1491இல் எட்டாம் இன்னசென்ட் காணிக்கை வாங்கிக்கொண்டு வெண்ணெய்க்கு அனுமதிக் கடிதம் கொடுத்தார். இன்றைய ஷ்டோலனில் வெண்ணெய் சொட்டுகிறது. 1434இல் தொடங்கிய அந்த ஊர்ச் சந்தையில் நின்று சாப்பிட வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று. வியன்னாவின் பெயர்பெற்ற சாக்லேட் கேக்கான சாக்கர் டார்ட்டே எனக்கு ஏமாற்றம்தான். 1832இல் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக் வீட்டு விருந்துக்காக ஃபிரான்ஸ் சாக்கர் என்ற 16 வயதுப் பயிற்சிப் பையன் செய்தது என்பது கதை. பின்னாளில் சாக்கர் ஹோட்டலும் டெமெல் கடையும் "அசல் எங்களுடையது" என்று நீதிமன்றம் போய்ப் பல ஆண்டுகள் வழக்காடின. ஹோட்டலில் ஏப்ரிகாட் ஜாம் நடுவிலும் மேலேயும் இருக்கும். டெமெலில் மேலே மட்டும். இரண்டுமே வறட்சியான கேக்தான். பக்கத்தில் வைக்கிற சர்க்கரை போடாத க்ரீமோடு சேர்த்துச் சாப்பிட்டால் தேவலை. வியன்னாவில் நான் ஆப்பிள் ஷ்ட்ரூடலின் பக்கம். வீச்சுப் பரோட்டாவுக்கு இழுப்பதுபோல மாவை மேசை முழுக்க இழுக்கிறார்கள், கீழே செய்தித்தாள் வைத்தால் எழுத்துத் தெரியவேண்டும் என்பது கணக்கு. உள்ளே புளிப்பு ஆப்பிள், பட்டை, உலர்திராட்சை, வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூள். ஒரு காபிக்கு ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டு, எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லாத அந்தக் காபிக் கடைகளுக்காகவே வியன்னாவுக்குப் போகலாம்.

பாரிஸில் மக்கரோன் கடைகளைத் தாண்டி மோந்தர்கெய் தெருவில் இருக்கிற ஸ்தோரெருக்குப் போங்கள். 1730இல் தொடங்கியது. நாடிழந்த போலந்து மன்னர் ஸ்தனிஸ்லாஸ், தன் கேக் காய்ந்து கிடக்கிறது என்று மதுவில் ஊறவைக்கச் சொன்னதில் வந்தது பாபா என்பார்கள். அவருடைய மகள் பதினைந்தாம் லூயியை மணந்தபோது கூடவே வந்த பலகாரக்காரரின் கடை இது. இன்று ரம்மில் ஊறவைக்கிறார்கள், ஆகவே மது தொடாதவர்களுக்கு ஆகாது. பிரஸ்ஸல்ஸில் சாக்லேட் தரமானது, ஆனால் அதை விமான நிலையத்திலேயே வாங்கிவிடலாம். அங்கே நின்று சாப்பிட வேண்டியது லியேஜ் வகை வாஃபிள். மாவுக்குள் கிடக்கிற சர்க்கரைக் கட்டிகள் இரும்பில் பட்டு உருகி மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும். மேலே எதையும் ஊற்ற விடாதீர்கள்.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு: லிஸ்பனும் புடாபெஸ்ட்டும் கிட்டத்தட்ட முழுக்க முட்டை. ஜாண்டுயோத்தோவிலும் பிச்செரினிலும் முட்டை சேராது. ஷ்ட்ரூடல் மாவில் சில கடைகள் சேர்க்கும், கேட்டுக்கொள்ளுங்கள். போர்த்துகல், ஸ்பெயின், சிசிலிப் பலகாரங்கள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு உண்டு. கன்னோலி என்ற சிசிலிக் குழல் பலகாரத்தின் மேலோட்டை அப்படிப் பிசைவது பழைய வழக்கம்.

டூரினுக்கு மிலானிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையே போனால் நல்லது. வெயில் காலத்தில் சாக்லேட்டும் இளகும், பிச்செரினையும் ரசிக்க முடியாது. ஜாண்டுயோத்தோவைப் பெட்டியில் வாங்காமல், எடை போட்டுத் தருகிற கடையில் வாங்குங்கள். கையால் வெட்டியது இருக்கிறதா என்று கேளுங்கள். அச்சில் வார்த்ததைவிட மென்மையாக இருக்கும், விலை கொஞ்சம் கூடுதல்.