இந்திரி லெமூர்களைப் பாட்டைக் கேட்டே கணக்கெடுக்க முடியுமா?

முடியும்; குரங்கை ஒத்த இந்த விலங்கு வாழும் மடகாஸ்கரின் கிழக்கு மழைக்காடுகளில் அதுவே பொருத்தமான வழி என்பது என் கருத்து. உயர்ந்த மரங்களின் இலைத்திரளுக்குள் அசையாமல் அமர்ந்திருக்கும் இந்திரியைக் கண்ணால் காண்பது அரிது. ஆனால் ஒரு குடும்பம் காலையில் சேர்ந்து பாடும்போது, முதலில் கரகரத்த உறுமலும் பின்பு நீண்டு இறங்கும் ஓலமும் எழுந்து, 2 கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அண்டைக் குடும்பங்கள் மறுகுரல் கொடுக்கும். வெவ்வேறு மேடுகளில் நிற்பவர்கள் நேரத்தையும் திசைகாட்டியில் தெரியும் கோணத்தையும் குறித்துக்கொண்டால், வரைபடத்தில் அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குடும்பம் இருப்பதாகக் கொள்ளலாம். எல்லாக் குடும்பங்களும் தினமும் பாடுவதில்லை என்பதால், ஒரே நாளில் முடித்த கணக்கை நம்பக் கூடாது. தலைக்கணக்கு வேண்டுமானால், குடும்பத்தைப் பின்தொடர்ந்து நேரில் எண்ணுவதே வழி. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு உயிர்களே இருக்கும்.

எண்ணுவதைவிடக் காப்பதே கடினம். பெண் இந்திரி இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே குட்டியைத்தான் ஈனுகிறது. கூண்டில் வளர்க்கும் முயற்சிகள் எல்லாம் தோற்றுப்போயின. ஆகவே, காட்டை எரித்து நெல் விதைக்கும் 'தாவி' முறையால் துண்டுபட்டுவரும் அந்தக் காட்டை விட்டால் அதற்கு வேறு புகலிடம் இல்லை. இந்திரியை மூதாதையாகக் கருதிக் கொல்லாமல் விட்ட ஊர்க் கட்டுப்பாடும் பல இடங்களில் தளர்ந்துவிட்டது, வேதனைக்குரியது. கிழக்கு மடகாஸ்கரின் அந்தாசிபே பகுதியில் உள்ளூர் மக்களே காட்டு வழிகாட்டிகளாகவும் நாற்று வளர்ப்போராகவும் பணியாற்றி, சிதறிய காட்டுத் துண்டுகளுக்கு இடையே நாட்டு மரங்களை நட்டு வருகிறார்கள்.