262-வதாக வந்தவர்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் கல்லூரிக் கால்பந்து வீரர்களைத் தொழில்முறை அணிகள் எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதப் போக, கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. கால்பந்து என்றதும் மெஸ்ஸியை நினைத்தவர்கள் மன்னிக்கவும். இது கையால் எறிந்து, பிடித்து, முட்டி மோதி ஆடுகிற அந்த நீள்வட்டப் பந்து ஆட்டம்.

கே: டிராஃப்ட் என்றால் ஐபிஎல் ஏலம் மாதிரிதானே? அதற்கு எதற்கு இத்தனை தரவரிசைப் பட்டியல்கள்?

ப: ஏலமே கிடையாது. என்எஃப்எல் என்ற அந்தத் தொழில்முறை லீகில் 32 அணிகள், ஏழு சுற்று. போன சீசனில் படுமோசமாகத் தோற்ற அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பௌல் என்ற இறுதிப்போட்டியில் ஜெயித்த அணிக்குக் கடைசி வாய்ப்பு (இந்த இடங்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், அது தனி வியாபாரம்). எந்த அணி பெயரைக் கூப்பிடுகிறதோ அங்கேதான் பையன் போக வேண்டும். சம்பளத்தையும் கிட்டத்தட்ட அவன் எத்தனாவதாகப் போனான் என்பதே முடிவு செய்துவிடும். 2010-ல் முதல் ஆளாகப் போன சாம் பிராட்ஃபோர்டு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். இது தாங்காது என்று அடுத்த வருடமே விதியை மாற்றினார்கள், 2011-ல் அதே முதல் இடத்தில் போன கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. இப்போதும் பத்து இடம் சறுக்கினால் பையனுக்குப் பெரிய நஷ்டம்தான். அணிக்கு வேறு கவலை: தன் முறை வந்ததும் கையில் இருப்பது சில நிமிடம், அதற்குள் உட்கார்ந்து யோசிக்க முடியாது. முன்கூட்டியே பட்டியல் போட்டு வைத்திருந்தால்தான் உண்டு.

கே: ஒரே பையனை ஒரு நிபுணர் 4-வது இடத்தில் வைக்கிறார், இன்னொருவர் 31-ல் வைக்கிறார். யாரை நம்புவது?

ப: முதலில் கையில் இருப்பது எந்தப் பட்டியல் என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான். பிக் போர்டு என்பது ஆட்டக்காரர்களைத் திறமைப்படி அடுக்குவது. மாக் டிராஃப்ட் என்பது எந்த அணி யாரை எடுக்கும் என்று ஊகிப்பது. ஒருவர் அபாரமான சென்டராக (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர்) இருக்கலாம், பிக் போர்டில் 12-வது இடத்திலும் இருக்கலாம். ஆனால் முன்வரிசையில் எடுக்கும் அணிகள் எதற்கும் சென்டர் தேவை இல்லையென்றால் மாக் டிராஃப்டில் 28-க்குப் போய்விடுவார். இரண்டும் சரிதான், பதில் சொல்வது வேறு வேறு கேள்விகளுக்கு.

அப்புறம், நாம் படிக்கும் எந்தப் பட்டியலும் அணிகளின் பட்டியல் இல்லை. அவர்களுடையது பூட்டிய அறைக்குள் இருக்கிறது. 2025-ல் கொலராடோ கல்லூரியின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஷெடூர் சாண்டர்ஸைப் பல நிபுணர்கள் முதல் சுற்று ஆள் என்றே எழுதினார்கள். பெயர் வந்தது ஐந்தாவது சுற்றில், 144-வதாக. எடுத்த கிளீவ்லேண்ட் பிரவுன்ஸே அதற்கு முன் மூன்றாவது சுற்றில் டில்லன் கேப்ரியல் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்து முடித்திருந்தது! வெளியே இருந்தவர்களும் உள்ளே இருந்தவர்களும் பார்த்தது ஒரே வீடியோவைத்தான். நேர்காணலில் என்ன நடந்தது, மருத்துவ அறிக்கையில் என்ன இருக்கிறது, தங்கள் பயிற்சியாளர் யாரோடு வேலை செய்ய விரும்புகிறார், இதெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும்.

என்னைக் கேட்டால் எண்ணையே நம்பாதீர்கள். முதல் சுற்றில் 32 பேர் போனாலும், ஒரு அணியின் சொந்தப் பட்டியலில் முதல் சுற்றுக்கு உண்மையிலேயே தகுதி என்று குறிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் 15-லிருந்து 20 பேர்தான். அதற்குக் கீழே 20-வது ஆளுக்கும் 45-வது ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, யாரையாவது மேலே எழுத வேண்டுமே என்று எழுதியிருப்பார்கள். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் (பின்னால் பொருளாதார நோபல் வாங்கிய அதே தேலர்) என்ற இரு ஆய்வாளர்கள் பழைய டிராஃப்ட்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு ஆட்டக்காரர், அதே இடத்தில் ஆடும், தனக்கு அடுத்தபடியாக எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவதற்கான வாய்ப்பு சுமார் 52 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். இத்தனை ஸ்கவுட் (திறமை தேடி அலைபவர்கள்), இத்தனை விமான டிக்கெட், எல்லாம் அந்த இரண்டு சதவீதத்துக்குத்தான்.

கே: டிவியில் வரும் நிபுணர்களை அணிகள் மதிக்கின்றனவா?

ப: மதிக்கின்றனவோ இல்லையோ, கோபம் வருகிறது. 1994-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 5-வது இடத்தில் டிரெவ் ஆல்பர்ட்ஸ் என்ற லைன்பேக்கரை (தடுப்பாட்டக்காரர்) எடுத்தது. ட்ரெண்ட் டில்ஃபர் என்ற குவாட்டர்பேக்கை விட்டுவிட்டீர்களே என்று இஎஸ்பிஎன்னின் மெல் கைப்பர் நேரலையில் விளாச, அணியின் மேலாளர் பில் டோபின் அதே நேரலையில் யாரப்பா இந்த ஆள் என்கிற ரீதியில் பொரிந்து தள்ளிவிட்டார். ஆல்பர்ட்ஸ் காயங்களால் மூன்று சீசனில் முடிந்துபோனார். டில்ஃபர் பிறகு பால்டிமோர் ரேவன்ஸோடு சூப்பர் பௌல் ஜெயித்தார். ஆக கைப்பர் சொன்னதுதான் சரி என்றால், அதுவும் இல்லை. அந்த ரேவன்ஸைத் தூக்கிச் சுமந்தது தடுப்பாட்டம், டில்ஃபர் இல்லை. போதாததற்கு, டோபின் அதே நாளில் 2-வது இடத்தில் எடுத்த மார்ஷல் ஃபாக் இன்று ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது ஆட்டத்தின் மகத்தானவர்கள் பட்டியலில், இருக்கிறார். இதில் யாருக்கு மார்க் போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கே: 40 கஜ ஓட்டத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஆட்டத்தில் யாரும் நேர்கோட்டில் தனியாக ஓடுவதில்லையே?

ப: நல்ல கேள்வி. வருடாவருடம் குளிர்காலக் கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன் என்ற தேர்வு முகாம் நடக்கும். முந்நூறு பேருக்கு மேல் வரவழைத்து இந்த 40 கஜத்தை ஓட வைத்து, குதிக்க வைத்து, 225 பவுண்டு எடையைத் தூக்க வைத்து, உடம்பை அக்குவேறு ஆணிவேறாகப் பரிசோதிப்பார்கள். அணிகளுக்கு அங்கே முக்கியம் மருத்துவப் பரிசோதனை. டிவிக்கு முக்கியம் ஓட்டம்.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேகமில்லாத கார்னர்பேக் (எதிரணியில் பந்து பிடிப்பவரைத் துரத்தித் தடுப்பவர்) ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்வார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து மயங்குவது வேறு. 2017-ல் ஜான் ராஸ் என்ற ரிசீவர் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) 4.22 வினாடியில் ஓடி, கம்பைனின் அதுவரையிலான சாதனையை உடைத்தார் (2024-ல் சேவியர் வொர்த்தி 4.21 ஓடி அதையும் உடைத்துவிட்டார்). சின்சினாட்டி பெங்கால்ஸ் ராஸை 9-வதாக எடுத்தது. காயங்களோடு போராடிய முதல் வருடத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அவருக்கு அடுத்து, 10-வதாகப் போனவர் யார் தெரியுமா? பேட்ரிக் மஹோம்ஸ், பின்னால் மூன்று சூப்பர் பௌல் ஜெயித்த குவாட்டர்பேக்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2018-ல் ஆர்லாண்டோ பிரவுன் என்ற ஒஃபென்சிவ் டாக்கிள் (எதிராளியைத் தடுத்து குவாட்டர்பேக்கைக் காப்பவர்) 5.85 வினாடி எடுத்துக்கொண்டார், எடையை 14 தடவைதான் தூக்கினார். அந்த அளவு ஆளுக்கு இது ரொம்பக் குறைச்சல், பலர் சிரித்தே விட்டார்கள். சரசரவென்று சரிந்து மூன்றாவது சுற்றில் 83-வதாகப் போனார். பிறகு பல வருடம் ப்ரோ பௌலுக்கு (அந்த வருடத்தின் சிறந்தவர்கள் அணி) தேர்வானார். அவருடைய கல்லூரி ஆட்டத்தைப் பார்த்திருந்தால், அவரைச் சுற்றிக்கொண்டு போக எதிராளிக்கு எவ்வளவு நேரமானது என்று தெரிந்திருக்கும். அந்த ஆளின் வேலையே அதுதானே.

கே: குவாட்டர்பேக்குகளைக் கணிப்பதில் மட்டும் ஏன் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்? நீங்கள் விட்டதுண்டா?

ப: தாராளமாக. 2018-ல் ஐந்து குவாட்டர்பேக்குகள் முதல் சுற்றில் போனார்கள்: பேக்கர் மேஃபீல்டு 1, சாம் டார்னல்டு 3, ஜாஷ் ஆலன் 7, ஜாஷ் ரோசன் 10, லமார் ஜாக்சன் 32. ஐவரில் ரோசன்தான் முதல் என்று நான் அடித்துச் சொன்னேன். பந்தை எறியும் அழகு அப்படி. ஒரே சீசனில் அரிசோனா கார்டினல்ஸ் பயிற்சியாளரை மாற்றியது, புதியவர் 2019-ல் முதல் இடத்தில் கைலர் மர்ரியை எடுத்தார், ரோசனை மியாமிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கேயும் நிலைக்கவில்லை. ஜாக்சனைக் குவாட்டர்பேக் வேண்டாம், ரிசீவராக மாறு என்று சொன்னவர்களும் அன்றைக்கு இருந்தார்கள். அவர் எடுத்தது இரண்டு எம்விபி (சீசனின் சிறந்த ஆட்டக்காரர் விருது), 2019-லும் 2023-லும்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஆலனைப் பற்றித்தான். வயோமிங் கல்லூரியில் அவர் எறிந்ததில் 56 சதவீதம்தான் ஆளிடம் போய்ச் சேர்ந்தது. எண்களை நம்புகிறவர்கள் அவரைத் தொடவே கூடாது என்றார்கள், அந்த எண்ணில் பொய்யும் இல்லை. பஃபலோ பில்ஸ் அவரை, சொதப்பும்போது பெஞ்சில் உட்கார வைத்து அவமானப்படுத்தாமல், எறியும் முறையைத் திருத்திக்கொள்ளவிட்டு, 2020-ல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த ரிசீவரையும் கொண்டுவந்து நிறுத்தியது. அந்த வருடம் 69 சதவீதம். ரோசனுக்குக் கிடைத்தது ஒரு வருடம், ஆலனுக்கு மூன்று. இடம் மாறிப் போயிருந்தால்? ஆலன் அரிசோனாவில், ரோசன் பஃபலோவில் என்று? அதற்கு எந்தப் பட்டியலிலும் பத்தி கிடையாது. குவாட்டர்பேக் விஷயத்தில் பையனின் கையைப் பார்த்துவிட்டு, அவன் போகும் வீட்டைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம். நானும்தான்.

கே: ரன்னிங் பேக்கை (பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவர்) முதல் சுற்றில் எடுக்கலாமா?

ப: 2022-லும் 2024-லும் ஒரு அணிகூட எடுக்கவில்லை. 2025-ல் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸ் ஆஷ்டன் ஜென்டியை 6-வதாக எடுத்தது. சாக்வான் பார்க்லி 2024 சீசனில் ஃபிலடெல்ஃபியாவுக்காக 2,005 கஜம் ஓடியதும் எல்லோருக்கும் ஆசை திரும்பிவிட்டது. ஆனால் அவரை 2-வதாக எடுத்தது நியூயார்க் ஜயன்ட்ஸ், கோப்பை கிடைத்தது ஃபிலடெல்ஃபியாவுக்கு. ரன்னிங் பேக் வீட்டுக்கு மேல்மாடி மாதிரி, கீழ்த்தளம் இல்லாமல் கட்டாதீர்கள்.

கே: நானே ஒரு பட்டியல் போடுகிறேன். முதல் 50 பேர். எங்கே ஆரம்பிப்பது?

ப: ஹைலைட்ஸை மூடிவைத்துவிட்டு. அதில் எல்லோரும் சூரர்கள். ஒரு ஆளுக்குக் குறைந்தது மூன்று முழு ஆட்டம், அதில் ஒன்று பலமான எதிரணியோடு, ஒன்று அவன் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது. பந்து அவனிடம் வராத நேரத்தில் என்ன செய்கிறான் என்று பாருங்கள், சோம்பேறி ரிசீவர் அங்கேதான் பிடிபடுவான். 1, 2, 3 என்று எண் போட வேண்டாம். முதல் சுற்று நிச்சயம், முதல் சுற்றோ இரண்டோ, இரண்டு மூன்று, இப்படிக் கட்டம் கட்டி உள்ளே போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இவன் தோற்றால் எதனால் தோற்பான் என்று ஒரே ஒரு வரி. அந்த வரி எழுத வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் ரசிகர்தான். முக்கியமாக, பட்டியலில் தேதி போட்டு மூன்று வருடம் பத்திரமாக வைத்திருங்கள், திருத்தக் கூடாது. 2018-ல் எழுதிய என் நோட்டுப் புத்தகம் இன்னும் மேஜையில்தான் இருக்கிறது, அடிக்கடி திறப்பதில்லை.

கே: கடைசியாக எடுக்கப்படுபவருக்குக் கேலிப் பெயர் உண்டாமே?

ப: மிஸ்டர் இர்ரெலவன்ட், அதாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். 2022-ல் 262-வதாக, கடைசியாக, அந்தப் பெயரை வாங்கியவர் ஐயோவா ஸ்டேட் கல்லூரியின் குவாட்டர்பேக் பிராக் பர்டி. அடுத்த சீசனுக்கு அடுத்த சீசனே சான் ஃபிரான்சிஸ்கோவைச் சூப்பர் பௌலுக்குக் கொண்டுபோனார், 2025-ல் ஐந்து வருடத்துக்கு 26.5 கோடி டாலர் ஒப்பந்தம். ஏழு சூப்பர் பௌல் ஜெயித்த டாம் பிரேடி 2000-ல் 199-வது என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள், எனக்கு அதைவிடப் பிடித்தது ஜோர்டன் மைலாட்டா. ஆஸ்திரேலிய ரக்பி ஆட்டக்காரர், அமெரிக்கக் கால்பந்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை, கல்லூரிப் பட்டியல் எதிலும் வர வழியே இல்லை. ஃபிலடெல்ஃபியா 2018-ல் 233-வதாக எடுத்து, உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தது. பார்க்லி 2,005 கஜம் ஓடினார் என்றேனே, அந்த ஓட்டத்துக்கு இடதுபக்கம் வழி திறந்துவிட்டவர் அவர்தான்.

கே: ஒரு டிராஃப்ட் முடிந்த மறுநாளே அடுத்த வருடப் பட்டியலை வெளியிடுகிறார்களே, அதைப் படிக்கலாமா?

ப: படிக்கலாம். நான் முதல் ஆளாகப் படிக்கிறேன்.