மலைச் சைக்கிளில் கேமரா: கேட்டவையும் பதில்களும்

காட்டுப் பாதை, தோட்டப் பாதை, கல் பாதை என்று சைக்கிளில் போகிறவர்கள் கேமராவை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தார்கள். வந்த வரிசையிலேயே பதில்கள்.

கோவை: என்னுடையது ஹார்ட்டெயில். பின் கேரியரில் ஒரு பெட்டி மாட்டி, உள்ளே ஃபோம் வைத்துக் கேமராவை வைத்தால் முதுகுக்குப் பாரம் இல்லை. சரிதானே?

முதுகுக்குச் சரி, கேமராவுக்குச் சரியில்லை. ஹார்ட்டெயிலுக்குப் பின்னால் சஸ்பென்ஷன் கிடையாது. சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு கல்லும் கேரியர் வழியாகப் பெட்டிக்குள் வந்து தட்டும். ஃபோம் பெரிய அடியைத் தாங்கும். மணிக்கணக்கில் விடாமல் வரும் பொடி அதிர்வை அது அவ்வளவாகத் தடுக்காது. லென்ஸுக்குள் இருக்கும் சின்னத் திருகுகளை நெகிழ வைப்பது அந்தப் பொடி அதிர்வுதான். பெடலில் எழுந்து நின்று ஓட்டும்போது உங்கள் முழங்காலும் இடுப்பும் அந்த அதிர்வில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கின்றன. ஆகவே கேமரா வண்டியில் வேண்டாம், உடம்பில் இருக்கட்டும்.

நாமக்கல்: கொல்லிமலையில் தார்ச்சாலை மட்டும்தான் ஓட்டுவேன். ஹேண்டில்பார் பை?

தாராளமாக. 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பை பக்கவாட்டில் ஆடாமல் இருந்தால் போதும். பிரேக் கேபிளை அழுத்தாமல், ஸ்டெம்மை (ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் துண்டு) ஒட்டிக் கட்டுங்கள். மண் பாதையில் திரும்பினால் கேமராவை எடுத்து உடம்புக்கு மாற்றிவிடுங்கள்.

குன்னூர்: இடுப்புப் பை, நெஞ்சுப் பை, முதுகுப் பை, ஒரே தோளில் குறுக்காக மாட்டும் ஸ்லிங். எதை வாங்குவது?

முதலில் கேமராவைத் தராசில் வையுங்கள், பை அப்புறம். ரிக்கோ ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம். சோனி ஏ6400 403 கிராம், அதோடு 16-50 கிட் லென்ஸ் 116 கிராம். ஒரு கிலோவுக்குள் அடங்கும் எதற்கும் இடுப்புப் பைதான் என் தேர்வு. பாரம் தாழ்ந்து நிற்கும், தோள் வலிக்காது, பையை முன்னால் இழுத்து ஐந்து நொடியில் படம் எடுக்கலாம். பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பு எலும்பின் மேல் உட்கார வேண்டும். பக்க நாடாக்களைச் சுண்டி இழுத்தால்தான் பை முதுகோடு ஒட்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு குதிப்பிலும் பின்பக்கம் அடிக்கும். ஓர் எச்சரிக்கை: 29 அங்குலச் சக்கர வண்டியில் செங்குத்தான இறக்கத்தில் சீட்டுக்குப் பின்னால் தள்ளி உட்காரும்போது, உயரம் குறைந்தவர்களின் பை டயரில் உரசும். வண்டியை நிறுத்தி ஒருமுறை அப்படி உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நெஞ்சுப் பை படம் எடுக்க மிக வசதி. ஆனால் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டால் கேமரா உங்கள் விலா எலும்புக்கும் தரைக்கும் நடுவில் சிக்கும். மெதுவான பாதைக்கு மட்டும்.

ஸ்லிங் பையை அப்படியே போட்டால், எழுந்து நின்றதும் முன்னால் சரிந்து முழங்காலில் இடிக்கும். அக்குளுக்குக் கீழே மார்பைச் சுற்றி மாட்டும் இரண்டாவது நாடா இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவும் 24-70 எஃப்2.8 போன்ற கனமான லென்ஸும் என்றால் முதுகுப் பையைத் தவிர வேறு வழியில்லை.

சென்னை: முதுகுப் பைக்குள் எப்படி அடுக்குவது? தண்ணீர்ப் பையும் அதே பையில்தான்.

முதலில் முதுகெலும்பு. மல்லாக்க விழுந்தால் பைக்குள் இருக்கும் கெட்டியான பொருள் முதுகில் குத்தும். கேமராவைக் காப்பாற்றப் போட்ட பை ஆளை முடக்கிவிடக் கூடாது. முதுகுக் கவசம் உள்ள சைக்கிள் பைகள் கிடைக்கின்றன, இ.என். 1621-2 என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதில் முதல் நிலைக் கவசம், சோதனை அடியில் முதுகுக்குக் கடத்தும் விசை சராசரியாக 18 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. இரண்டாம் நிலைக்கு அது 9. கவசம் இல்லாத பை என்றால் படுக்கைக்குப் போடும் ஃபோம் பாயை 10 மி.மீ. கனத்தில் வெட்டி முதுகுப் பக்கம் முழுக்க விரியுங்கள். அது கவசத்துக்கு ஈடில்லை, வெறும் துணியைவிட மேல், அவ்வளவே.

அடுத்து கேமரா. பையின் கீழ்ப்பாதியில், முதுகை ஒட்டி. லென்ஸ் மாட்டியிருந்தால் ஹூடை (லென்ஸ் நுனியில் மாட்டும் வெயில் மறைப்பு) திருப்பிப் போட்டு, லென்ஸ் கீழே பார்க்க வையுங்கள். ஆனால் லென்ஸின் நுனி பையின் அடித்தளத்தைத் தொடக் கூடாது. கேமரா உடல் இருபுறத் தடுப்புகளின் மேல் உட்கார, லென்ஸ் நடுவில் தொங்க வேண்டும். நுனி அடித்தளத்தில் ஊன்றினால் ஒவ்வொரு அடியும் லென்ஸ் மாட்டும் வளையத்துக்குப் போகும். நீளமான டெலி லென்ஸைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

தண்ணீர்ப் பை பெரும்பாலும் ஓட்டையால் ஒழுகுவதில்லை. மூடியின் மரை கோணலாக ஏறியிருக்கும், அல்லது உறிஞ்சும் முனை பைக்கு அடியில் நசுங்கியிருக்கும். இரண்டும் கவனக்குறைவு, இரண்டும் அடிக்கடி நடப்பவை. தண்ணீருக்குத் தனி அறை இருந்தாலும் கேமராவை வாய் சுருட்டும் நீர்புகாப் பையில் போட்டு மூன்று சுற்று சுருட்டுங்கள். பம்பு, மல்டிடூல், டயர் லீவர் ஒன்றும் கேமரா அறைக்குள் வரக் கூடாது.

எல்லாம் கட்டியபின் இருபது முறை குதியுங்கள். சத்தம் கேட்டால், உள்ளே எதுவாவது நகர்ந்தால், பிரித்து மறுபடி அடுக்குங்கள். சஸ்பென்ஷன் சாக் அளவையும், அதாவது நீங்கள் ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கும் தூரத்தையும், பையை மாட்டிக்கொண்டே எடுங்கள். மொத்தம் 140 மி.மீ. அமுங்கக்கூடிய முன் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம் என்றால் 21 முதல் 28 மி.மீ. அமுங்க வேண்டும். வெறும் உடம்போடு அளந்துவிட்டு நான்கு கிலோ பையோடு இறங்கினால் அந்தக் கணக்கு தவறிப்போகும்.

பெங்களூரு: பையின் தோள்பட்டியில் கேமராவை மாட்டிவைக்கும் பீக் டிசைன் கேப்சர் கிளிப் எப்படி?

நடைப்பயணத்துக்கு அருமை. சைக்கிளில் ஏற்றத்துக்கும் சமவெளிக்கும் ஓகே. இறக்கம் தொடங்கும் முன் கேமரா பைக்குள் போக வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சுப் பைக்குச் சொன்ன அதே ஆபத்து, இங்கே மெத்தைகூட இல்லை. கிளிப்பைப் பிடிக்கும் இரு திருகுகளும் அதிர்வில் கழலும், கேமரா அடியில் மாட்டும் தட்டின் 1/4 அங்குலத் திருகும் கழலும். கிளிப் திருகுகளுக்கு திருகு கழலாமல் பிடிக்கும் நீலநிற மரைப் பசை ஒரு சொட்டு விடுங்கள். கேமரா பக்கத்துத் திருகுக்குப் பசை வேண்டாம், கையால் இறுக்கி வாராவாரம் பாருங்கள்.

சிங்கப்பூர்: புக்கிட் தீமா பாதையில் ஓட்டுவேன். கேமராவைக் குலுக்கினால் உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சென்சாரே நகர்ந்து நடுக்கத்தைச் சரிசெய்யும் கேமராக்கள் பலவற்றில், அணைத்தவுடன் சென்சார் தளர்ந்து ஆடும். ஆன் செய்தால் சத்தம் நின்றால் கவலை இல்லை. நிகான் இசட் 9 போன்ற சிலவற்றில் சென்சாரைப் பூட்டும் அமைப்பு உண்டு. உங்கள் ஊரில் அதிர்வைவிடப் பூஞ்சைதான் எதிரி. வியர்வையில் ஊறிய பையிலேயே கேமராவை இரவெல்லாம் விடாதீர்கள். 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் உலர் பெட்டியில் வையுங்கள்.

நுவரெலியா: பனிமூட்டமும் தூறலும் எப்பவும். மழை உறை போதுமா?

உறை வெளிப்பக்கத்தை மட்டுமே மூடும். பையின் முதுகுப் பக்கம் உங்கள் வியர்வையால் நனையும், இடுப்புப் பையின் அடிப்பக்கம் பின் டயர் வாரி அடிக்கும் சேற்றால் நனையும். பின்னால் மட்கார்ட் போடுங்கள், உள்ளே நீர்புகாப் பையும் இருக்கட்டும். குளிரில் இருந்த கேமராவோடு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால் லென்ஸில் உடனே நீர் பூக்கும். வாசலிலேயே ஜிப் பையில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் திறக்காதீர்கள். நீர் பூத்துவிட்டால் லென்ஸைக் கழற்ற வேண்டாம், சென்சாரிலும் பூக்கும்.

கொடைக்கானல்: போனை ஹேண்டில்பாரில் மாட்டிப் படம் எடுக்கலாமா?

வழி பார்க்க பழைய போனை மாட்டுங்கள். மோட்டார்சைக்கிள் எஞ்சினின் பலமான அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கத் தடுப்பையும் ஃபோகஸையும் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021-இலேயே அறிவித்தது. சைக்கிளில் எஞ்சின் இல்லைதான். கல் பாதை இருக்கிறதே.

சேலம்: ஆக்‌ஷன் கேமரா ஹெல்மெட்டிலா, மார்பிலா?

மார்பில். படத்தில் ஹேண்டில்பார் தெரிவதால் பாதையின் சரிவு புரியும், கிளையிலும் இடிக்காது. இவ்வளவு சின்னக் கேமராவுக்கு நெஞ்சுப் பை அளவு ஆபத்து இல்லை, ஆனாலும் பட்டையை மார்பெலும்பின் மேல் அல்ல, சற்றுக் கீழே இறக்கி மாட்டுங்கள். ஹெல்மெட்தான் வேண்டும் என்றால் ஒட்டும் தட்டை 24 மணி நேரம் முன்பே ஒட்டிவிடுங்கள். திருகு போட ஹெல்மெட்டில் துளை போடவே கூடாது.

திருநெல்வேலி: நேற்று விழுந்தேன். கேமரா வெளியே நன்றாகத்தான் இருக்கிறது. எதைச் சோதிப்பது?

ஆன் செய்யும் முன் பேட்டரியை வெளியே எடுத்து, உப்பியோ நசுங்கியோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் சார்ஜரில் போடாதீர்கள். அடுத்து லென்ஸைக் கழற்றி, மாட்டும் வளையத்தின் மேல் இரும்பு அளவுகோலை நிறுத்திப் பாருங்கள். வெளிச்சம் ஒருபக்கம் மட்டும் கசிந்தால் வளையம் வளைந்திருக்கிறது. பிறகு செங்கல் சுவருக்கு நேர் எதிரே டிரைபாடில் வைத்து, லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சர்) முழுதும் திறந்து ஒரு படம், கேமராவைத் தலைகீழாக்கி ஒரு படம். இரண்டிலும் படத்தின் அதே மூலை மங்கலாக இருந்தால் லென்ஸுக்குள் கண்ணாடி விலகியிருக்கிறது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். மங்கல் மூலை மாறினால் நீங்கள் கேமராவைச் சுவருக்கு நேராக வைக்கவில்லை, மறுபடி எடுங்கள்.