அக்ரஹார காப்புறுதி எடுக்கும் சேர்ஜன் யாழ்ப்பாணத்தில் யார்?

கேள்வி: நான் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்கு ஹேர்னியா, ஒப்பரேஷன் செய்யத்தான் வேணும் என்று சொல்லிவிட்டார்கள். என் சம்பளத்தில் மாதாமாதம் அக்ரஹாரவுக்கு, அதுதான் அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதிக்கு, வெட்டுகிறார்கள். அக்ரஹார எடுக்கும் சேர்ஜன் யார் என்று தனியார் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் எடுத்துக் கேட்டால் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார்கள் இல்லை. யாரிடம் போவது?

பதில்: டீச்சர், அவர்கள் மழுப்பவில்லை, அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. அக்ரஹார பொதுவாக டொக்டருக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேரே காசு கட்டுகிற காப்புறுதி இல்லை. நீங்கள் கட்டிவிட்டு, பில்லையும் மற்றக் கடதாசிகளையும் கொடுத்து, அதை நடத்துகிற தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்திடம் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்கிறீர்கள். அதனால் சேர்ஜன் யாராக இருந்தாலும் அக்ரஹாரவுக்கு ஒன்றுதான். கேட்க வேண்டிய இடம் உங்கள் வலயக் கல்விப் பணிமனை, அங்கே அக்ரஹார பார்க்கிற அலுவலர். உங்களுக்கு வெட்டுவது எந்தத் திட்டத்துக்கு, சாதாரணமா, வெள்ளியா, தங்கமா, கணவரின் பெயர் பதிவில் இருக்கிறதா, இந்த ஒப்பரேஷனுக்கு உச்சத் தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும், இவ்வளவையும் ஒப்பரேஷனுக்குத் திகதி எடுக்க முதலே கேளுங்கள். கலியாணம் கட்டி வருடக்கணக்கான பிறகும் துணையின் பெயரைப் பதியாமல் இருக்கிற ஆட்கள் கனபேர்.

அதற்கு முதல் ஒரு விசயம். ஏன் தனியார்? பின்னேரம் நீங்கள் சனல் பண்ணி, அதாவது தனியாரில் காசு கட்டிப் பதிந்து, காட்டுகிற சேர்ஜன் அநேகமாகக் காலையில் யாழ் போதனா வைத்தியசாலையிலோ, தெல்லிப்பழை, மந்திகை போன்ற ஆதார வைத்தியசாலை ஒன்றிலோ வேலை செய்பவர்தான். அதே கை, அதே கத்தி, அங்கே ஒப்பரேஷனுக்குக் காசு இல்லை. சனல் பண்ணும்போதே “சேர், உங்கட கிளினிக்கில் காட்டிச் செய்யலாமோ?” என்று கேட்டால் எந்த நாள், என்ன கடிதத்தோடு வருவது என்று சொல்லுவார், வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் காத்திருப்பு உண்டு, விடுதியில் சனம் உண்டு, உண்மைதான். ஆனால் வலி இல்லாத, உள்ளே தள்ளினால் போகிற ஹேர்னியா என்றால் கொஞ்சக் காலம் பொறுக்கலாமா என்று டொக்டரிடமே கேட்கலாம். திடீரென்று இறுகி, நொந்து, சத்தியும் வந்தால் மட்டும் கிளினிக் நாளைப் பார்க்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். இன்னொன்று, அரச விடுதியில் தங்கினாலும் நாளுக்கு இவ்வளவு என்று அக்ரஹாரவில் ஒரு கொடுப்பனவு இருக்கிறது. சின்னக் காசு என்று அதைப் பலர் கேட்பதே இல்லை.

சரி, தனியார்தான் என்றால், வாயால் சொல்லும் “எல்லாமாச் சேர்த்து இவ்வளவு வரும்” என்ற கணக்கை நம்பி உள்ளே போகாதீர்கள். சேர்ஜன், மயக்க மருந்து டொக்டர், தியேட்டர், அறை, மருந்து என்று பிரித்து எழுத்தில் கேளுங்கள். ஹேர்னியாவுக்கு உள்ளே வைக்கிற வலை அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், பில் வீங்குகிற இடம் அதுதான். தனியார் ஆஸ்பத்திரிகள் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்திருக்க வேண்டும், அதையும் ஒருக்கா பாருங்கள். வெளியே வரும்போது மூலப் பற்றுச்சீட்டுகள், நோய் நிர்ணய அட்டை, சேர்ஜனின் கையொப்பமும் முத்திரையும், இவை கையில் இல்லாமல் வாசலைத் தாண்ட வேண்டாம். பிறகு ஒரு முத்திரைக்காக அலைவது ஒப்பரேஷனை விடக் கரைச்சல். கொடுக்கிற எல்லாவற்றுக்கும் போட்டோப் பிரதி வைத்திருங்கள்.

கேள்வி: அப்பா தோட்டம் செய்கிறவர், காப்புறுதி ஒன்றும் இல்லை. இருதய ஒப்பரேஷனைத் தனியாரில் செய்தால் உதவி கிடைக்குமா?

பதில்: முதலில் போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள், இருதய சத்திரசிகிச்சை அங்கேயே நடக்கிறது. தனியார்தான் வழி என்று ஆனால் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025இல் இருந்து அதற்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வருமானம் பார்ப்பார்கள், கிராம சேவகரின் கடிதமும் தேவைப்படும். ஒப்பரேஷன் முடிந்த பிறகு கேட்கலாம் என்று இருக்காதீர்கள், திகதி கிடைத்த உடனேயே போய்க் கொடுங்கள்.