வாட்ஸ்அப்பில் வரும் மேட்ச் டிக்கெட்டை வாங்கலாமா?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசன் நெருங்கினாலே டிக்கெட் கேள்விகள் குவிந்துவிடும். பிள்ளைகள் அந்தக் கல்லூரிகளில் படிக்கப் போன பிறகு, பந்தின் வடிவம்கூடத் தெரியாத பெற்றோரும் அணியின் நிறத்தில் ஸ்வெட்டர் வாங்கிவிடுகிறார்கள். இம்முறை வந்தவற்றில் சில.

கேள்வி: மகள் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மிச்சிகன் பல்கலைக்கழக அணியுடனான ஆட்டம் இந்த முறை கொலம்பஸில் நடக்கிறது. நானும் மனைவியும் காரில் போய்ப் பார்க்க ஆசை. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நண்பரின் சீசன் டிக்கெட், அவர் ஊருக்குப் போகிறார், இரண்டு சீட், இணையத்தில் உள்ளதில் பாதி விலை" என்கிறார். டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டும் அனுப்பியிருக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ஜெல்லில் போடச் சொல்கிறார். நம்பலாமா? — வாசகர், நோவை, மிச்சிகன்

பதில்: போடாதீர்கள். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை, நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் உங்களிடம் இருப்பது டிக்கெட்டின் படம்தான். அதே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்ப முடியும்.

இப்போது பெரிய ஸ்டேடியங்களில் காகித டிக்கெட் அநேகமாக இல்லை. ஆப்பில் டிக்கெட்டைத் திறந்தால் பார்கோடின் மேல் ஒரு நீலக் கோடு இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். டிக்கெட்மாஸ்டர் 2019-ல் கொண்டுவந்த முறை அது. அந்தப் பார்கோடு சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிவிடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்த நிமிடமே பழசாகிவிடும். வாசலில் ஸ்கேனரில் காட்டினால் சிவப்பு விளக்குதான்.

விலையை வைத்தும் கொஞ்சம் யோசியுங்கள். ஒருவர் வாங்கிய டிக்கெட்டை மறுபடி விற்கும் ரீசேல் தளங்கள் வாங்குபவரிடம் கட்டணம் வாங்குவதோடு விற்பவரிடமும் கமிஷன் பிடிக்கின்றன. அதைத் தவிர்க்கத்தான் பலர் தெரிந்தவர்களிடம் நேரடியாக விற்கிறார்கள். அதனால் தளத்து விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கேட்டால் நியாயம் இருக்கிறது. பாதி விலைக்கு நியாயம் இல்லை. ஒஹாயோ ஸ்டேட் – மிச்சிகன் டிக்கெட்டைத் தளத்தில் போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்பது சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்குத் தெரியாதா? ஊருக்குப் போகிற அவசரத்தில் இருந்தாலும் தெரியும்.

அப்புறம் பணம் அனுப்பும் வழி. ஜெல், கேஷ் ஆப், வென்மோவில் நண்பர்களுக்கு அனுப்பும் வகை, எல்லாம் கையில் நோட்டை எண்ணிக் கொடுப்பது மாதிரிதான். நீங்களே விரும்பி அனுப்பிய பணத்தை வங்கி பொதுவாகத் திருப்பித் தராது. "பேபாலில் பொருள், சேவைக்கான கட்டணமாக அனுப்புகிறேன், அதன் கட்டணத்தையும் நானே ஏற்கிறேன்" என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். உண்மையான விற்பனையாளர் கொஞ்சம் முனகிவிட்டு ஒத்துக்கொள்வார். "அதெல்லாம் வேண்டாம், இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், அரை மணி நேரத்தில் சொல்லுங்கள்" என்று பதில் வந்தால், அந்த இரண்டு பேரே வாங்கிக்கொள்ளட்டும்.

அவர் ஒத்துக்கொண்டால், முதலில் டிரான்ஸ்ஃபர், பிறகு பணம். அவர் தன் கணக்கிலிருந்து உங்கள் மின்னஞ்சலுக்கு டிக்கெட்டை மாற்ற வேண்டும், நீங்கள் அதை ஏற்க வேண்டும். ஏற்காதவரை அனுப்பியவர் அதை ரத்து செய்ய முடியும். ஆகவே "அனுப்பிவிட்டேன்" என்ற செய்தியைப் பார்த்ததும் பணம் போடக் கூடாது. மின்னஞ்சலில் வரும் இணைப்பையும் அழுத்த வேண்டாம், போலி டிரான்ஸ்ஃபர் மின்னஞ்சல்கள் நிறைய உலவுகின்றன. ஆப்பை நீங்களே திறந்து, உங்கள் கணக்கில் செக்‌ஷன், வரிசை, சீட் எண் தெரிகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு தொல்லை வேண்டாமென்றால் ஸ்டப்ஹப், சீட்கீக், டிக்கெட்மாஸ்டர் போன்ற தளத்தில் கிரெடிட் கார்டில் வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வாசலில் ஸ்கேன் ஆகாவிட்டால் கேட்பதற்கு ஒரு கம்பெனியும், அதற்குப் பின்னால் கார்டு வங்கியும் இருக்கும். ஹோட்டல் அறையும் போட்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் தகும் என்பது என் கருத்து.

கேள்வி: அதே ஆட்டத்துக்கு டிக்கெட் விலையைத் தினமும் பார்க்கிறேன். கடைசி நாள்வரை காத்திருந்தால் இறங்குமா? — வாசகி, டப்ளின், ஒஹாயோ

பதில்: சாதாரண ஆட்டங்களில் இறங்கும். ஆட்டம் தொடங்கிவிட்டால் டிக்கெட்டுக்கு மதிப்பே இல்லை, எனவே கையில் வைத்திருப்பவர் கடைசி இரண்டு மூன்று நாளில் விலையைக் குறைத்துக்கொண்டே வருவார். செப்டம்பரில் சிறிய அணி ஒன்று கொலம்பஸுக்கு வரும்போது வெள்ளி இரவுவரை பொறுமையாக இருக்கலாம்.

இது அந்த வகை இல்லை. ஒஹாயோ ஸ்டேடியத்தில் 1,02,780 பேர் உட்காரலாம், ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர். இருந்தும் இந்த ஒரு ஆட்டத்துக்கு இடம் போதாது. பெரும்பகுதி சீசன் டிக்கெட்காரர்கள், நன்கொடையாளர்கள், மாணவர்கள் என்று முதலிலேயே போய்விடுகிறது. பொதுவில் வருவது அவர்கள் விற்பதுதான். ஆட்டம் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை என்பதால் பழைய மாணவர்கள் நாடு முழுவதிலிருந்தும் வீடு வந்திருப்பார்கள். அவர்களும் கடைசி நேரத்தில்தான் தேடுவார்கள்.

விலையை அசைப்பது வேறு இரண்டு விஷயங்கள். ஒன்று அணிகளின் நிலை. இரண்டில் ஒன்று அக்டோபரில் இரண்டு மூன்று ஆட்டம் தோற்றால் விலை உடனே தளரும், இரண்டும் தோற்காமல் வந்தால் ஏறிக்கொண்டே போகும். இன்னொன்று வானிலை. நவம்பர் கடைசியில் கொலம்பஸில் குளிர் மழை என்று வியாழக்கிழமை முன்னறிவிப்பு வந்தால், உள்ளூர்க்காரர்கள் சிலர் வீட்டு டிவியே போதும் என்று விற்றுவிடுவார்கள். டப்ளினிலிருந்து ஸ்டேடியம் கிட்டத்தில்தான், இழப்பதற்கு ஹோட்டல் பணம் இல்லை. நீங்கள் காத்திருந்து பார்க்கலாம். மேலே கேட்ட நோவைக்காரருக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

சீட் எடுக்கும்போது ஒன்று கவனியுங்கள். ஒஹாயோ ஸ்டேடியத்தில் கீழ் அடுக்கான ஏ டெக்கின் பின்வரிசைகள் பி டெக்கின் அடியில் போய்விடும். மழை படாது, சரி. ஆனால் பெரிய ஸ்கோர்போர்டு மறையும், உயரமாக எறிந்த பந்தும் ஒரு கணம் கண்ணிலிருந்து போய்விடும். சவுத் ஸ்டாண்ட்ஸ் மாணவர் பகுதி. அங்கே உட்கார்ந்து பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள், முழு ஆட்டமும் நின்றுகொண்டேதான். பெற்றோரை அழைத்துப் போவதாக இருந்தால் பக்கவாட்டில், வரிசை கொஞ்சம் மேலே இருந்தாலும் பரவாயில்லை. மிகக் கீழ்வரிசைகளுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள், ஆனால் கோட்டோரம் நிற்கும் ஆட்டக்காரர்களின் முதுகுதான் தெரியும்.

கேள்வி: முன்பெல்லாம் 200 டாலர் என்று காட்டி, கடைசிப் பக்கத்தில் 260-க்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். இப்போது முதலிலேயே 260 என்று காட்டுகிறது. டிக்கெட் விலையே ஏறிவிட்டதா? — வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: ஏறவில்லை, ஒளித்து வைத்திருந்ததை முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். 2025 மே 12 முதல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி ஒன்று அமலில் இருக்கிறது. நிகழ்ச்சி டிக்கெட், ஹோட்டல் போன்ற தங்குமிடங்கள் இரண்டுக்கும் கட்டாயக் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையைத்தான் முதலில், பளிச்சென்று காட்ட வேண்டும். அரசு வரி போன்ற சில மட்டும் கடைசியில் சேரலாம். அதனால் சில டாலர் வித்தியாசம் பார்த்துப் பதற வேண்டாம்.

நீங்கள் சொன்ன கணக்கும் கிட்டத்தட்டச் சரி. அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 2018-ல் ஆராய்ந்தபோது, ரீசேல் தளங்களின் கட்டணம் சராசரியாக டிக்கெட் விலையில் 31 சதவீதம் இருந்தது, முதல் விற்பனைத் தளங்களில் 27. விதி வந்தது கட்டணத்தைக் குறைக்க அல்ல, காட்ட. இன்னும் முதல் பக்கத்தில் ஒரு விலை, கடைசியில் வேறு விலை என்று ஒரு தளம் செய்தால் அதை மூடிவிட்டு வேறு தளத்துக்குப் போங்கள்.

கேள்வி: கூகுளில் பல்கலைக்கழகப் பெயரையும் டிக்கெட் என்பதையும் சேர்த்துத் தேடினேன். முதலில் வந்த தளம் பல்கலைக்கழகத்தின் தளம் போலவே இருந்தது. சீட் எண் எதுவும் போடாமல் "ஜோன் டிக்கெட்" என்று விற்கிறார்கள். — வாசகர், ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

பதில்: முதலில் வந்தது விளம்பரமாக இருந்திருக்கும். ஸ்டேடியத்தின் பெயர், அணியின் நிறம் எல்லாம் போட்டு அசல் பாக்ஸ் ஆபீஸ் போலக் காட்டும் ரீசேல் தளங்கள் பழைய வித்தை. 2014-லேயே டிக்கெட்நெட்வொர்க் உள்ளிட்ட மூன்று நிறுவனங்கள் இப்படிச் செய்ததாக ஃபெடரல் டிரேட் கமிஷனும் கனெக்டிகட் மாநிலமும் நடவடிக்கை எடுத்துச் சமரசம் செய்தன. தேடாமல், பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் பக்கத்தைத் திறந்து அங்கிருந்து டிக்கெட் இணைப்புக்குப் போங்கள்.

சீட் எண் இல்லாத டிக்கெட்டில் இன்னொரு சந்தேகமும் உண்டு. விற்பவரிடம் டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம். இன்று உங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, பிறகு விலை இறங்கும்போது எங்கோ வாங்கி உங்களுக்குக் கொடுத்து லாபம் பார்ப்பது அவர் திட்டம். விலை இறங்காமல் ஏறினால் கை விரித்துவிடுவார். மேரிலாந்தும் மின்னசோட்டாவும் இப்படி இல்லாத டிக்கெட்டை விற்பதைச் சட்டம் போட்டுத் தடுத்துள்ளன. செக்‌ஷனும் வரிசையும் போடாத டிக்கெட் பெரிய ஆட்டத்துக்கு வேண்டாம்.

கேள்வி: மகனின் ஸ்டூடன்ட் டிக்கெட்டில் நான் போகலாமா? — வாசகர், கேரி, நார்த் கரோலைனா

பதில்: அப்படியே போக முடியாது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் டிக்கெட்டோடு மாணவர் அடையாள அட்டையையும் வாசலில் கேட்பார்கள். பணம் கட்டி அதைப் பொது டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் வசதி சில இடங்களில் உண்டு. மகன் தன் டிக்கெட் கணக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். ரீசேல் தளத்தில் மாணவர் பகுதி டிக்கெட் மலிவாகக் கிடைத்தால், மாற்றிய டிக்கெட்டா மாற்றாததா என்று கேட்ட பிறகே வாங்குங்கள்.

கேள்வி: அக்டோபரில் டல்லாஸில் டெக்சஸ் – ஓக்லஹோமா ஆட்டம். மகள் ஆஸ்டினில் படிக்கிறாள். எந்த டிக்கெட் எடுப்பது? — வாசகி, ஃப்ரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: விலைக்கு முன் திசையைப் பாருங்கள். ஆட்டம் நடக்கும் காட்டன் பவுல் ஸ்டேடியம் அன்று நடுக்கோடான ஐம்பது கஜக் கோட்டில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி முழுக்க டெக்சஸின் ஆரஞ்சு, மறுபாதி முழுக்க ஓக்லஹோமாவின் சிவப்பு. மலிவாக இருக்கிறதே என்று மறுபாதியில் எடுத்தால் மகள் ஆரஞ்சுச் சட்டையோடு சிவப்புக் கடலில் உட்கார வேண்டியிருக்கும். ஆபத்து ஒன்றுமில்லை, ஆனால் டெக்சஸ் டச்டவுன் போடும்போது பக்கத்தில் கை தட்ட ஆள் இருக்காது. வாங்கும் முன் செக்‌ஷன் எண்ணை வைத்து அது எந்த அணியின் பாதி என்று பாருங்கள்.

ஆட்டம் நடப்பது டெக்சஸ் ஸ்டேட் ஃபேர் திருவிழா வளாகத்துக்குள். ஆட்ட டிக்கெட்டே திருவிழா நுழைவுச் சீட்டாகவும் இருப்பது வழக்கம், தனியாக இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். பார்க்கிங்குக்கு அலைவதைவிட டல்லாஸ் நகரின் டார்ட் ரயிலில் ஃபேர் பார்க் நிலையத்தில் போய் இறங்குவது எளிது.

கேள்வி: ஆட்டமே ரத்தானால்? அல்லது டிக்கெட் வராமலே போனால்? — பலர்

பதில்: ரத்தாவது அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. 2020-ல் கொரோனாவால் ஒஹாயோ ஸ்டேட் – மிச்சிகன் ஆட்டமே நடக்கவில்லை. அந்த ஆண்டு ஸ்டப்ஹப், நிகழ்ச்சி ரத்தானால் பணம் தராமல் 120 சதவீத மதிப்புள்ள கிரெடிட் தருவதாக விதியை மாற்றியது. பல மாநில அட்டர்னி ஜெனரல்கள் தலையிட்ட பிறகு 2021-ல் பணத்தைத் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. உத்தரவாதம் என்ற பெரிய எழுத்தைப் படிப்பதோடு நிறுத்தாமல், ரத்தானால் என்ன, தள்ளிப்போனால் என்ன என்ற சின்ன எழுத்தையும் படியுங்கள். தள்ளிப்போனால் பெரும்பாலும் பணம் வராது, டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும்.

டிக்கெட் வருவது பற்றி: ஜூலையில் வாங்கிய டிக்கெட் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் வருவது சகஜம். ரசீதில் எந்தத் தேதிக்குள் தருவார்கள் என்று இருக்கும். அந்தத் தேதி தாண்டினால் அன்றே தளத்தைக் கூப்பிடுங்கள். வாசலில் ஸ்கேன் ஆகாவிட்டால் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்று கூப்பிட வேண்டும். மாற்று டிக்கெட் தேடித் தரவும் நேரம் இருக்கும், நீங்கள் வந்தீர்கள் என்பதற்கும் சாட்சி இருக்கும். ஸ்கேனர் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிரெடிட் கார்டில் புகார் செய்யச் சட்டம் தருவது பில் அனுப்பியதிலிருந்து 60 நாள். கோடையில் வாங்கியவருக்கு நவம்பரில் அது முடிந்திருக்கும். ஆனாலும் விடாதீர்கள். நிகழ்ச்சித் தேதியிலிருந்து கணக்கிட விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இடம் இருக்கிறது. ரசீது, தளத்துடன் நடந்த உரையாடல், வாசலில் எடுத்த படம் மூன்றையும் வைத்துக்கொண்டு வங்கியைக் கூப்பிடுங்கள்.

ஆட்டத்துக்கு முந்தின இரவே டிக்கெட்டை ஃபோனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். லட்சம் பேர் ஒரே இடத்தில் ஃபோனைத் திறக்கும்போது வாசலில் நெட்வொர்க் கிடைக்காது. சார்ஜர் பேட்டரி ஒன்றும் பையில் இருக்கட்டும். பல ஸ்டேடியங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைக்குத்தான் அனுமதி, தோல் கைப்பையைக் காரிலேயே விட்டுவிடுங்கள்.