கேஸ் ஷீட்டில் உங்கள் கையெழுத்து

அன்புள்ள அக்கா,

எனக்கு குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். பிளஸ் டூ முடித்து, ஒரு வருட நர்ஸிங் அசிஸ்டென்ட் கோர்ஸ் படித்தேன். இரண்டரை வருடமாக வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனை வார்டில் வேலை செய்கிறேன். உடம்பு துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது, பி.பி. பார்ப்பது எல்லாம் நான்தான். ஆள் குறைந்த நாளில் ஊசியும் போடச் சொல்கிறார்கள். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் சொந்தக்காரர்கள், "பீ அள்ளுற வேலைக்கா பொண்ணை அனுப்பினீங்க" என்று அம்மாவிடம் கேட்கிறார்கள். அம்மா தீப்பெட்டி கம்பெனிக்குப் போகிறவர். என்னோடு சேர்ந்த பெண் பில்லிங் கவுன்ட்டருக்கு மாறிவிட்டாள். இப்படியே இருந்தால் அனுபவத்தில் ஸ்டாஃப் நர்ஸ் ஆகிவிடலாம் என்று இன்சார்ஜ் சொல்கிறார். உண்மையா? வயது 22. நானும் பில்லிங்குக்கே போய்விடட்டுமா?

க.

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் இன்சார்ஜ் சொன்னது உண்மை இல்லை. பத்து வருடம் வார்டில் இருந்தாலும் அனுபவத்தை வைத்து நர்ஸ் ஆக முடியாது. அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்து, மாநில நர்ஸிங் கவுன்சிலில் பெயரைப் பதிந்தவர்தான் நர்ஸ். ஊருக்கு ஊர் போர்டு வைத்து நடத்தும் ஆறு மாத, ஒரு வருட கோர்ஸ்களின் சான்றிதழ் அந்தப் பதிவுக்கு உதவாது. உங்களிடம் பணம் வாங்கியவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டார்களே என்று எனக்குக் கோபம் வருகிறது.

பில்லிங்குக்குப் போவதா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் என் அப்பா விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வலது பக்கம் முழுக்க உணர்ச்சி இல்லை. முதல் வாரத்திலேயே இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல் புண் வந்துவிட்டது. நகர முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் செய்யவில்லை. வலி தெரியாத இடத்தில் புண் வந்தால் நோயாளி முனகக்கூட மாட்டார் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

வார்டு மாற்றிய பிறகு ஒரு ராத்திரி. பதினொரு மணியிலிருந்து அப்பா கையை உதறிக்கொண்டே இருந்தார். ஏதோ பிதற்றினார். மூளையில் அடி, அப்படித்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு உங்களைப் போலவே ஓர் அசிஸ்டென்ட் அம்மா வந்தார், பேர்ணாம்பட்டுப் பக்கத்துக்காரர். விளக்கைப் போடவில்லை. அப்பாவின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்து, பெட்ஷீட்டில் இருந்த ஒரு மடிப்பை நீவிவிட்டார். பிறகு குனிந்து யூரின் பேக்கைப் பார்த்தார். "சாயங்காலம் பார்த்த அதே அளவுலயே நிக்குதே" என்றார். குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். தொடைக்கு அடியில் அது மடங்கிக் கிடந்தது. எடுத்துவிட்டதும் பை நிறைய ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் அப்பாவின் கை அடங்கியது. மூன்று மணி நேரமாக மூத்திரம் முட்டிக்கொண்டு தவித்திருக்கிறார். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை.

அந்த அம்மா ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிட்டு அளவைச் சொன்னார். எழுதியது ஸ்டாஃப் நர்ஸ். பதினோரு வருடமாக வார்டில் இருக்கிற கண் அது. ஆனால் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட அவருக்கு உரிமை இல்லை. சம்பளத்தைக் கேட்டேன். சொன்னதும் எனக்கு வாய் அடைத்துப்போனது.

அந்தக் கண் உங்களுக்கும் இரண்டரை வருடத்தில் வந்திருக்கும். அதைக் கொண்டுபோய் பில்லிங் கவுன்ட்டரில் வைத்துவிடாதீர்கள். ஆனால் இந்த அம்மாவைப் போல நின்ற இடத்திலேயே நின்றும் விடாதீர்கள். படிக்கப் போங்கள், இந்த வருடமே.

இந்திய நர்ஸிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். எனும் பொது நர்ஸிங், பேறுகாலப் பராமரிப்பு டிப்ளமோவுக்கு எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் சேரலாம். ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், மொத்தத்தில் 40 சதவீத மதிப்பெண் வேண்டும், வயது 35 வரை. மூன்று வருடப் படிப்பு. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எடுத்தவர் என்றால் நான்கு வருட பி.எஸ்சி. நர்ஸிங்குக்கே போகலாம். ஜி.என்.எம். முடித்தவர்கள் பின்னால் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் படித்து அதே பி.எஸ்சி. பட்டத்தை வாங்கலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. முடித்தால் பாடம் நடத்தப் போகலாம். மூன்று வருடமும் தாங்க முடியாது என்றால் ஏ.என்.எம். எனும் துணை நர்ஸ் படிப்பு இரண்டு வருடம்தான். ஆனால் உங்களுக்கு வார்டு பிடித்திருக்கிறது, ஜி.என்.எம்.தான் என் யோசனை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளைச் சேர்ந்த நர்ஸிங் பள்ளிகளுக்கு முதலில் விண்ணப்பியுங்கள், செலவு குறைவு. தனியார் கல்லூரி என்றால் கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு ரூபாயாவது கட்ட வேண்டும். ஒரு முறை ஏமாந்தாயிற்று. பதிவு வந்துவிட்டால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எம்.ஆர்.பி. தேர்வு எழுதி அரசு வேலைக்கும் போகலாம், ஐ.சி.யூ., டயாலிசிஸ், புற்றுநோய் வார்டு என்று ஒரு துறையில் கை தேறவும் செய்யலாம்.

அதுவரை ஊசி போடாதீர்கள். இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம். இரண்டரை வருடமாகப் பார்த்து உங்களுக்குப் போடத் தெரிந்திருக்கலாம். ஆனால் மருந்து மாறி ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால், "போடு" என்று சொன்னவர்கள் ஒருவரும் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். "எனக்குப் பதிவு இல்லை சிஸ்டர், நீங்கள் போடுங்கள், நான் கூட நிற்கிறேன்" என்று சொல்லுங்கள். வேலையை விட்டு எடுத்தால் எடுக்கட்டும்.

சொந்தக்காரர்கள் பேச்சு. நம் ஊரில் இது பழைய பேச்சு. சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் 1909ல் நர்ஸிங் பள்ளி தொடங்கியபோதும், அடுத்தவர் உடம்பைத் தொட்டுக் கழுவுகிற வேலைக்குப் பெண்ணை அனுப்பப் பல வீடுகள் தயங்கின. இந்தியாவில் நர்ஸிங் பட்டப்படிப்பு 1946ல் தொடங்கியது இரண்டே இடத்தில், ஒன்று டெல்லி, இன்னொன்று நம் வேலூர். இதே மண்ணில்தான் அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்கிறது என்று எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு நாளும் பாதத்தைத் தடவிப் பார்ப்பதும், கழுவுவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் அப்படித்தான் வைத்தியத்தின் பாதியாக ஆயின. நீங்கள் செய்கிற அதே வேலைதான் அது. அடுத்த முறை யாராவது கேட்டால் அம்மா கூனிக் குறுக வேண்டாம். கேட்டவர் படுக்கையில் விழும்போது அவரைப் புரட்டிவிட ஒரு கை வேண்டும்.

ஒரு சின்ன விஷயம். காட்பாடி ஸ்டேஷனில் வைத்தியத்துக்காக வந்து இறங்குகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் எவ்வளவு பேர். காந்தி ரோடு கடைக்காரர்களே வங்காளம் பேசுகிறார்கள். நீங்களும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். "பேத்தா" என்றால் வலி, "ஜோல்" என்றால் தண்ணீர். ஊர் விட்டு ஊர் வந்து படுத்திருக்கிற ஒருவரிடம் அவர் மொழியில் எங்கே வலிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அவர் முகத்தைப் பாருங்கள். கூடவே ஆங்கிலத்தையும் விடாதீர்கள், கேஸ் ஷீட் முழுக்க அதில்தான்.

பிளஸ் டூவில் என்ன குரூப், ஆங்கிலத்தில் எவ்வளவு மார்க் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டையும் எழுதுங்கள். எந்தக் கல்லூரிகளை யோசிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பட்டியலில் இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா